தங்கச்சிக்கு எந்த பைக்?



இந்தக் கிழமை எபிசோட் கேட்டாக்களுக்குத் தெரியும், கடைசி இருபது நிமிசமும் மைக்குக்கு முன்னால நடந்தது உரையாடல் இல்லை, சண்டை. "முதல் பைக் எது எடுக்கலாம்?" எண்ட ஒரு கேள்விக்கு நாலு பேர் சேர்ந்து அஞ்சு பதில் சொன்னம். வெட்டி எறிஞ்ச பகுதி இன்னும் மோசம். அதில உருப்படியா இருந்ததை இங்க எழுதுறன்.

அந்தக் கேள்வி சும்மா வந்தது இல்லை. கேட்டது என்ர சித்தியின்ர மகள். 19 வயசு. சனி ஞாயிறு கடையில நிண்டு காசு சேர்த்து, ரெஸ்ட் எல்லாம் பாஸ் பண்ணி, ஏ2 லைசென்ஸ் கையில வைச்சிருக்கிறாள். சித்தி எனக்கு வாட்ஸ்அப்பில அனுப்பினது ஒரே ஒரு வரி: "நீதான் இந்தப் பழக்கத்தைக் காட்டினது, இனி நீதான் பொறுப்பு." வீட்டில ஹெல்மெட்டோட ஏறி இறங்கின ஆக்களுக்கு இந்த வரியின்ர பாரம் தெரியும்.

டொரண்டோ, ஒஸ்லோ ஆக்களுக்காக லண்டன் சட்டத்தைச் சுருக்கமாச் சொல்லுறன். 17 வயசில 125 சிசி. 19 வயசில ஏ2. அதில எஞ்சின் 35 கிலோவாட்டுக்கு மேல போகக்கூடாது, அதாவது சுமார் 47 குதிரை. பெரிய பைக்கை அந்த அளவுக்குக் கட்டுப்படுத்தியும் ஓடலாம், ஆனா அதின்ர உண்மையான பலம் 70 கிலோவாட்டுக்கு மேல இருக்கக்கூடாது. 24 வயசில நேரடியா எதையும் ஓடலாம். ஏ2 எடுத்து ரெண்டு வருசம் போனா 21 வயசிலேயே மேல ஏறலாம். 2013 ஜனவரியில இருந்து இப்பிடித்தான்.

இனி எங்கட கூட்டம். எங்களுக்குள்ள ஆளுக்குப் பேர் இல்லை, பைக்தான் பேர். 'எம்டி' வைச்சிருக்கிறது யமஹா எம்டி-07. 'என்ஃபீல்ட்' வைச்சிருக்கிறது இன்டர்செப்டர் 650. 'ஹொண்டா' சிபி650ஆர், நாலு சிலிண்டர். 'அண்ணை' இத்தாலி வி-ட்வின்காரர். வயசு நாப்பது தாண்டிட்டுது, கருத்துக்குக் குறைவில்லை. சந்திக்கிற இடம் நோர்த் சேர்க்குலரில இருக்கிற ஏஸ் கஃபே. 1938இல லொறிக்காரருக்காகத் தொடங்கின கடை, 1969இல மூடுப்பட்டு 2001இல திரும்பத் திறந்தது. அம்பது அறுபதுகளில வெள்ளைக்காரப் பெடியள் லெதர் ஜாக்கெட்டோட நிண்டு 'என்ர பைக்தான் திறம்' எண்டு கத்தின அதே பார்க்கிங்கில இப்ப நாங்கள் தமிழில கத்துறம்.

சண்டை எப்பவும் ஒரே இடத்திலதான் தொடங்கும்.

"650 சிசியில 47 குதிரை. மிச்சக் குதிரை எல்லாம் எங்க மச்சான், புல்லு மேயப் போட்டுதோ?" இது ஹொண்டா, என்ஃபீல்டைப் பாத்து.

"உன்ர 95 குதிரையும் 12,000 சுற்றில குடியிருக்கு. நீ எப்பயடா அங்க போய்ப் பாத்தனி?"

எல்லாரும் சிரிச்சாச்சு. ஆனா ரெண்டு பேரும் சொன்னதில விசயம் இருக்கு.

முதலாவது, அந்த 47 தற்செயலான எண் இல்லை. 35 கிலோவாட் எண்டுறது அதேதான். என்ஃபீல்ட் எஞ்சினாலை முடியாமல் அங்க நிக்கேல்லை, சட்டத்தின்ர கோட்டுக்குள்ள நிக்கிற மாதிரிச் செய்தது. அந்த ஏ2 சட்டம் இங்க வந்த அதே 2013இல ஹொண்டாவும் 500 சிசி பைக் மூண்டை இறக்கிச்சுது. அதுவும் சரியா 35 கிலோவாட்.

ரெண்டாவது, குதிரை எண்டுறது ஒரு தனிப் பொருள் இல்லை, ரெண்டு விசயத்தின்ர பெருக்கல். எஞ்சின் எவ்வளவு பலமா முறுக்குது எண்டுறது டோர்க். ஒரு நிமிசத்தில எத்தினை தரம் சுத்துது எண்டுறது ஆர்பிஎம். டோர்க்கை ஆர்பிஎம்மால பெருக்கி 9,549ஆல பிரிச்சா கிலோவாட் வரும். பைக் விக்கிறவன் பெரிசாப் போடுற எண், அந்தப் பெருக்கல் உச்சிக்குப் போற ஒரே ஒரு புள்ளியில எடுத்தது. ட்ராஃபிக்கில நாங்கள் ஓடுறது 3,500 சுற்றில. அங்க ஒரு எஞ்சின் 45 நியூட்டன் மீட்டர் தருது எண்டு வையுங்கோ. 45ஐ 3,500ஆல பெருக்கிப் பிரிச்சா 16.5 கிலோவாட், ஏறத்தாழ 22 குதிரை. அந்த இடத்தில, பெட்டியில 47 எண்டு எழுதியிருந்தாலும் 95 எண்டு எழுதியிருந்தாலும் உங்கட கைக்கு வாறது அந்த இருவது சொச்சம்தான். வித்தியாசம் மேல போகத்தான் வரும். மேல போனா அழகு, அதை நான் மறுக்கேல்லை. நாலு சிலிண்டர் 10,000 தாண்டக் கத்துற சத்தத்துக்கு நானும் அடிமையா இருந்தவன். ஆனா 20 மைல் லிமிட் உள்ள ரோட்டில அந்தச் சத்தம் கேக்கிறது எப்ப?

இங்கதான் எம்டி வாயைத் திறந்தான். "குதிரையை விடு. என்ர எஞ்சின் 270 பாகை. அதைப் பற்றிக் கதை."

கேட்ட கன பேருக்கு இந்த 270 எண்டா என்ன எண்டு விளங்கேல்லையாம், மெயில் போட்டிருக்கிறியள். ஆறுதலாப் பாப்பம், ஏன் எண்டா இண்டைக்கு விக்கிற பாதி பைக்கின்ர குணத்துக்குக் காரணம் இதுதான்.

சைக்கிள் பெடலை நினையுங்கோ. ஒரு கால் மேல, ஒரு கால் கீழ. ரெண்டுக்கும் நடுவில 180 பாகை. இந்த அமைப்பில ஒரு குறை: ஒரு கால் உச்சியில நிக்கிற கணம் மற்றது அடியில நிக்குது. ரெண்டுமே அந்தக் கணம் ஒண்டும் செய்யேலாது. ஏத்தத்தில மெதுவா மிதிக்கேக்க அந்த இடம் தெரியும், சைக்கிள் ஒருக்கா தயங்கும். ரெட்டைச் சிலிண்டர் எஞ்சினும் கிட்டத்தட்ட அப்பிடித்தான். பிஸ்டன் மேல போய் நிண்டு, திரும்பிக் கீழ வந்து நிண்டு, திரும்பவும் மேல போகுது. நிக்கிற பிஸ்டனைத் திரும்பவும் ஓட வைக்க கிராங்க் ஷாஃப்ட் தன்ர வேகத்தில கொஞ்சத்தைக் குடுக்கும். ஓடுற பிஸ்டன் நிக்கேக்க அதைத் திருப்பிக் குடுக்கும். 180 பாகையில, பழைய பிரிட்டிஷ் ட்வின்களின்ர 360 பாகையிலயும், ரெண்டு பிஸ்டனும் ஒண்டா நிண்டு ஒண்டா ஓடுதுகள். ரெண்டும் ஒரே நேரத்தில கடன் கேக்குதுகள், ஒரே நேரத்தில திருப்பித் தருகுதுகள். கிராங்க் ஒவ்வொரு சுத்திலயும் வேகம் கூடிக் குறைஞ்சு துடிக்குது.

270 பாகையில ஒரு பிஸ்டன் உச்சியில நிக்கேக்க மற்றது நடு வழியில முழு வேகத்தில ஓடிக்கொண்டிருக்கும். ஒண்டு திருப்பித் தாறதை மற்றது அங்கேயே வாங்கிப் போடும். கிராங்க் சீராச் சுத்தும். அதால த்ரொட்டிலைத் திருப்பேக்க உங்கட கைக்கும் பின் ரயருக்கும் வந்து சேர்றது பெற்றோல் எரிஞ்ச தள்ளு மட்டும்தான், பிஸ்டன்களின்ர துடிப்புக் கலக்காது. ஈர ரோட்டில, வளைவில, மெதுவாத் த்ரொட்டில் திறக்கேக்க இது விளங்கும். சத்தமும் இதாலதான் மாறுது. 360இல சிலிண்டர்கள் சம இடைவெளியில வெடிக்கும். 180இல ஒண்டு வெடிச்சு 180 பாகையில அடுத்தது, பிறகு 540 பாகை அமைதி. 270இல முதல் 270 பாகை, பிறகு 450. அந்த நொண்டித் தாளம்தான் நாங்கள் 'நல்ல சத்தம்' எண்டு சொல்லுறது.

"இது எங்கட சத்தம்டா. எங்களைப் பாத்துக் கொப்பி அடிச்சது." அண்ணை.

அண்ணை சொல்லுறது சரிதான். சிலிண்டர் ரெண்டையும் 90 பாகையில விரிச்சு வைச்ச வி-ட்வினுக்கும் அதே 270-450 இடைவெளிதான். ஆனா வி-ட்வினுக்கு ரெண்டு சிலிண்டர் ஹெட் வேணும், கேம் ஓட்டுற ஏற்பாடும் ரெண்டு வேணும், எஞ்சினும் நீளும். 1995இல யமஹா டிஆர்எக்ஸ்850 வந்து, ஒரே ஹெட்டுக்குக் கீழ ரெண்டு சிலிண்டரைப் பக்கத்தில வைச்சுக் கிராங்கை மட்டும் திருப்பி அதே குணத்தை எடுத்தது. இண்டைக்கு எம்டி-07, என்ஃபீல்ட் 650, புது ட்ரயம்ப் பொன்வில், ஹொண்டா ஹோர்னெட் 750 எல்லாத்திலயும் 270தான். கேடிஎம் மட்டும் தன்ர 75 பாகை வி-ட்வினைப் போலி செய்து 285 எண்டு வைச்சிருக்கு. அண்ணைக்கு இதைச் சொன்னா, "அப்ப எனக்கு ரோயல்டி தரச் சொல்லு" எண்டுவார்.

என்ஃபீல்டுக்கும் அண்ணைக்கும் 'இங்கிலிஸ் பைக்' எண்ட சொல்லில தனிப் போர். என்ஃபீல்ட் கம்பனி பிறந்தது ரெடிச்சில. 1955இல மெட்ராஸ் மோட்டர்ஸோட சேர்ந்து அங்க தொடங்கின தொழில் தப்பிப் பிழைச்சுது, இங்கிலாந்துத் தாய்க் கம்பனி செத்துப் போச்சுது. இந்த 650 எஞ்சின் உருவாகினதில லெஸ்டர்ஷயரில இருக்கிற அவையின்ர தொழில்நுட்ப மையத்துக்குப் பங்கு இருக்கு, பைக் செய்யிறது சென்னைப் பக்கம். பிஎம்டபிள்யூ ஜி310ஆர் வந்ததும் ஓசூரில இருந்து, டிவிஎஸ் செய்து குடுத்தது. அதே டிவிஎஸ் 2020இல நோர்ட்டனை வாங்கிப் போட்டுது. ஆர் ஆற்ற பைக் ஓடுறம் எண்டு எனக்கு இப்ப தெரியேல்லை.

சரி, தங்கச்சி. இவ்வளவு கதைச்சதில அவளுக்கு என்ன பிரயோசனம்?

என்ர கதையைச் சொல்லாமல் இதுக்குப் பதில் சொல்லேலாது. 24 வயசில லைசென்ஸ் எடுத்த உடன நான் வாங்கினது ஒரு பழைய 600 சிசி நாலு சிலிண்டர் ஸ்போர்ட்ஸ் பைக். பேர் வேண்டாம், பைக்கில பிழை இல்லை, பிழை என்னில. குதிரை எண்ணைப் பாத்து, யூடியூப்பில சத்தத்தைக் கேட்டு எடுத்தன். வேலைக்குப் போய் வர மணிக்கட்டு ரெண்டும் வீங்கும். ஒரு மழை நாள் பெற்றோல் ஸ்டேசனில, சரிவு எண்டு பாக்காமல் இடது காலை ஊண்டினன். கால் வழுக்கிச்சுது. பைக் மெதுவா, ஆக மெதுவா, என்னைப் பாத்துக்கொண்டே விழுந்தது. பின்னால கார் வரிசை. தூக்கிவிட்டது டெலிவரிக்கு வந்த ஒரு பெடியன், 125இல வந்தவன். அதுக்குப் பிறகு ஒரு குளிர்காலம் முழுக்க நான் அந்த பைக்கில கை வைக்கேல்லை. அம்மாவுக்குச் சந்தோசம். எனக்கு, பைக் ஓடத் தகுதி இல்லாத ஆள் நான் எண்ட நினைப்பு.

பிறகு ஒரு நாள் கடதாசியில போட்டுப் பாத்தன். 200 கிலோ பைக், அதின்ர பாரத்தின்ர மையம் நிலத்தில இருந்து அரை மீட்டர் உயரத்தில, ஹாண்டில் ஒரு மீட்டர் உயரத்தில எண்டு வைப்பம். நேர நிக்கேக்க கைக்குப் பாரமே இல்லை. 10 பாகை சரிஞ்சா ஹாண்டிலில கை தாங்க வேண்டியது சுமார் 17 கிலோ. சமாளிக்கலாம். 30 பாகையில 50 கிலோ. ஒரு மூடை அரிசி. அந்த ரெண்டுக்கும் நடுவில கிடைக்கிறது ஒரு செக்கன் கூட இல்லை. அந்தக் கணத்தில உங்களைக் காப்பாத்திறது உடம்புப் பலம் இல்லை, கால் நிலத்தில எவ்வளவு கெதியா, எவ்வளவு உறுதியா ஊண்டுது எண்டுறதுதான். தங்கச்சி அஞ்சடி ரெண்டு அங்குலம்.

அதால நாங்கள் எண்களைத் திரும்பப் பாத்தம், இந்த முறை குதிரையை மறைச்சுப்போட்டு. இன்டர்செப்டர் சுமார் 217 கிலோ, சீட் 804 மில்லிமீட்டர். எம்டி-07 184 கிலோ, 805. சிபி650ஆர் 200க்கு மேல, 810. ஆனா சீட் உயரம் எண்டுறதும் அரைவாசிப் பொய். அகலமான சீட் தொடையை விரிக்கும், கால் எட்டாது. அதே உயரத்தில ஒடுங்கின சீட் எண்டா எட்டும். கடதாசியில இது வராது, ஏறி இருந்துதான் பாக்கோணும். இன்னொரு பரீட்சையும் இருக்கு, கடைக்காரர் சிரிச்சாலும் செய்யுங்கோ: எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு, மேல இருந்தபடி காலால பின்னுக்கு உருட்டிப் பார்க்கிங்கில இருந்து வெளியால எடுங்கோ. ஒவ்வொரு நாளும் காலமை நீங்கள் செய்யப்போறது அதுதான்.

அப்பா ஒண்டும் கதைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தவர், இடையில ஒரு கேள்வி கேட்டார்: "இதில வால்வ் செட் பண்ண எத்தினை மணித்தியாலம் செல்லும்?"

அவர் யாழ்ப்பாணத்தில ஓடினது ஒரு ஹொண்டா 90. தொண்ணூறுகளில பொருளாதாரத் தடை, பெற்றோல் இல்லை. ஒரு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானாப் பிறகு மண்ணெண்ணெயில ஓடின காலம். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில ஆவியாகாது, அதுக்குத்தான் அந்தச் சொட்டு. ஒக்டேன் எண்ணும் குறைவு, கூட அமுக்கினா நேரத்துக்கு முந்தியே எரிஞ்சு எஞ்சின் தட்டும். பழைய சின்ன எஞ்சின்கள் அதைத் தாங்கிச்சுதுகள். 11.5க்கு 1 எண்டு அமுக்கிற எம்டி-07இல மண்ணெண்ணெய் ஊத்தினா என்ன நடக்கும் எண்டு எம்டிக்குச் சொன்னன், அவன் டாங்கைக் கையால மூடினான். புகையும் கரியும் பிடிச்ச பிளக்கைக் கழற்றி உரஞ்சித் திரும்பப் பூட்டின ஆளுக்கு பைக் எண்டா முதல் கேள்வி திருத்தம்தான்.

நல்ல கேள்வியும் கூட. வால்வ் இடைவெளியை எம்டி-07இல ஏறத்தாழ 24,000 மைலுக்கு ஒருக்காப் பாத்தால் காணும், ஆனா சரி செய்ய கேம் ஷாஃப்டைக் கழற்றிச் சின்னத் தகடு மாத்தோணும். என்ஃபீல்டில 6,000 மைலுக்கு ஒருக்காப் பாக்கோணும், ஆனா ஸ்குரூவும் நட்டும்தான், ஒரு ஸ்பானரும் இடைவெளி அளக்கிற தகடும் இருந்தா வீட்டு வாசலில செய்யலாம். தானாச் செய்யிற ஆளுக்கு ஒரு பதில், கராஜுக்குக் குடுக்கிற ஆளுக்கு வேற பதில். அண்ணையின்ர பைக்கில வால்வை மூடுறதுக்கும் தனிக் கை இருக்கு, அந்த பில்லைப் பற்றிக் கேட்டா அண்ணை காலநிலையைப் பற்றிக் கதைப்பார்.

இன்சூரன்ஸைப் பற்றி நீட்டேல்லை. பைக் பாக்க முதல் உங்கட போஸ்ட்கோடைப் போட்டு விலை பாருங்கோ, பாதிக் கனவு அங்கயே முடியும். லண்டன் எண்டா செயின் பூட்டுக்கும் நிலத்தில பதிக்கிற கொக்கிக்கும் பட்ஜெட்டில ஒரு பங்கை முதலே எடுத்து வையுங்கோ. ஹெல்மெட், ஜாக்கெட், கையுறை, சப்பாத்து எல்லாம் அதுக்கும் முதல். ஏபிஎஸ் இல்லாத பழைய பைக்கைத் தங்கச்சி ஒண்டு பாத்து வைச்சிருந்தாள், விலை நல்ல மலிவு. அதில மட்டும் நான் அண்ணனாக் கதைச்சன்: வேண்டாம். 125 சிசிக்கு மேல புதுசா விக்கிற எல்லாத்துக்கும் 2017இல இருந்து ஏபிஎஸ் கட்டாயம், அந்த வருசத்துக்குப் பிறகு வந்ததாப் பார் எண்டன். ஈர ரோட்டில பயத்தில பிரேக்கை இறுக்கிற கையை எந்த ரெய்னிங்கும் முழுசா மாத்தாது.

ஞாயிறு நாலு பைக்கிலயும் ஏத்தி இருத்தினம். எம்டி தன்ரதைக் குடுக்க முதல் மூண்டு தரம் "விழுத்திப் போடாதை" எண்டான். என்ஃபீல்டில அவளுக்குச் சிரிப்பு வந்தது, சத்தத்துக்கு. ஆனா பின்னுக்கு உருட்டேக்க சரிவில நிண்டிட்டாள். கடைசியில அவள் எடுத்தது எங்கள் ஒருத்தரும் சொல்லாத ஒண்டு. ஆறு வருசம் பழைய ஹொண்டா சிபி500எஃப். 471 சிசி, சட்டத்துக்குச் சரியா 35 கிலோவாட், 189 கிலோ, சீட் 785. கிராங்க் 180 பாகை.

"இவ்வளவு நேரம் 270ஐப் பற்றி விளங்கப்படுத்தினனே" எண்டன்.

"அண்ணா, அது வடிவா விளங்கினது. ஆனா இதில எனக்கு ரெண்டு காலும் முட்டுது."

நாலாம் நாள் வீட்டு வாசலில விழுத்தினாள். ஸ்டாண்ட் போட மறந்து போச்சாம். கிளச் லீவர் வளைஞ்சது, வேற ஒண்டும் இல்லை. ஃபோன் எடுத்து அழப்போறாள் எண்டு நினைச்சன், படம்தான் வந்தது, தானே தூக்கி நிப்பாட்டின பைக்குக்குப் பக்கத்தில நிண்டு பல்லெல்லாம் தெரியிற படம். லீவரை அப்பா ஸ்பானரோட போய் மாத்திக் குடுத்தார்.

சித்தி இந்த மடல் வாசிக்கிறேல்லை. ஆரும் சொல்லிப் போடாதேங்கோ.